வீட்டில் எத்தனை பேர்

பனிப்புயல் வந்தால் எப்படித் தப்புவது என்று எங்களுக்குச் சொல்லித்தர நகரசபை முடிவெடுத்த அதே இலையுதிர்காலத்தில்தான், இங்கு அகதிகளாக வந்திருந்த எங்கள் தமிழ் ஆட்களின் மனைவிமாரையும் பிள்ளைகளையும் இந்த நாட்டுக்குள் விடுவதில்லை என்று வேறோர் இடத்தில், வேறொரு மேசையில், வாய்ப்பேச்சாகவே முடிவெடுத்திருந்தார்கள். முதலாவது முடிவு வண்ணப் படங்களோடு எங்கள் தபால்பெட்டிக்கு வந்தது. இரண்டாவதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

நாங்கள் கோப்பன்ஹேகனுக்கு மேற்கே, ரயிலில் அரைமணித்தியாலத்தில் வரும் ஒரு புறநகரில் இருந்தோம். ஒரே மாதிரியான மூன்றுமாடிக் கட்டடங்கள், நடுவில் புல்வெளி, அதற்கு அப்பால் வயல். அந்த வருடம் ஜனவரியில் மூன்று நாட்கள் காற்று நிற்கவேயில்லை. மேலிருந்து விழுந்த பனியைவிட வயல்பக்கமிருந்து அள்ளுண்டு வந்து குவிந்த பனிதான் அதிகம். கீழ்வீட்டுக் கதவுகள் திறபடவில்லை. பஸ் இல்லை, கடை இல்லை, ஒரு பகல் முழுக்க வெப்பக்குழாய்கள் குளிர்ந்து கிடந்தன. வெளியே போகவேண்டாம் என்று றேடியோவில் திரும்பத் திரும்பச் சொன்னார்களாம். டெனிஷ் றேடியோவை எங்களில் யார் கேட்டோம்? வகுப்புக்கு வரவில்லை என்று குறித்துவிட்டால் அது விசாவைப் பாதிக்கும் என்று பயந்து, எங்கள் ஆட்களில் ஒரு தம்பி சாதாரணச் சப்பாத்தோடு மொழிவகுப்புக்கு நடந்துபோனான். வகுப்பு பூட்டியிருந்தது. திரும்பிவந்தபோது வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. பிறகு அவற்றை எடுக்கவேண்டி வந்தது.

பக்கத்துப் படிக்கட்டில் தனியாக இருந்த டெனிஷ் முதியவர் ஒருவர் வீட்டுக்குள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இரண்டாம் நாள்தான் கண்டுபிடிக்கப்பட்டார். உள்ளூர்ப் பத்திரிகை நகரசபையைக் கிழிகிழியென்று கிழித்தது. முதியவருடைய படம் முன்பக்கத்தில் வந்தது. எங்கள் தம்பியின் விரல்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அதனால்தான் ஒக்டோபரில் அந்தத் திட்டம் வந்தது. ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு கூட்டம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைநூல், ஒவ்வொரு வீட்டிலும் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல். கைநூலைத் தமிழில் எழுதித்தர ஓர் ஆள் தேவைப்பட்டது. என்னைக் கேட்டார்கள்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கணவர் இங்கு வந்து அகதியாகப் பதிந்த பின் எங்களைக் கூப்பிட்டார். நானும் மகளும் நான்கு மாதத்தில் வந்து சேர்ந்தோம். விண்ணப்பம், கடிதம், விமானச்சீட்டு, அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று எனக்கு அப்போது தெரியாது. முதியோர் இல்லத்தில் வேலை செய்ததால் மொழி வாயில் ஏறிவிட்டது. எங்கள் மூன்று கட்டடங்களிலும் பதினெட்டுத் தமிழ் ஆண்கள் இருந்தார்கள். தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான். மணமுடித்த மற்றவர்களுடைய மனைவிமார் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கொழும்பு லொட்ஜுகளிலும் இருந்தார்கள். எல்லோரும் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். ஒருவருக்கும் பதில் இல்லை. ரெலிபோன் எடுத்துக் கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். கேட்டுச் சொல்வது பெரும்பாலும் நான்தான். அந்த ஒரு வசனத்தை எத்தனை பேருக்கு எத்தனை தடவை தமிழாக்கிச் சொன்னேன் என்று கணக்கில்லை.

கைநூலை நான் சந்தோசமாகத்தான் எழுதத் தொடங்கினேன். விரல்போன தம்பி என் மனதில் இருந்தான். மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, பற்றரி றேடியோ, ரோச்லைற், கம்பளி, தகரப் பேணிமீன், பால்மா, தண்ணீர்க்கான். யன்னல் இடுக்குகளைத் துணியால் அடைக்கவும். எல்லோரும் ஒரே அறையில் படுக்கவும். குழந்தைகளின் குளிருடுப்பைக் கதவடியில் ஆயத்தமாக வைக்கவும். எல்லாம் லேசாக வந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வசனம் இருந்தது: அவசரநிலை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அதிகாரிகள் ஒவ்வொரு குடும்பத்தையும் தேடி வருவார்கள், எவரும் தனித்து விடப்படமாட்டார்கள்.

அதை எழுதிவிட்டுப் பேனையை வைத்தேன். தமிழில் வாசித்தபோது அது பொய்யாக இருந்தது. டெனிஷில் உண்மையாக இருந்த ஒன்று எங்கள் மொழிக்கு வந்ததும் எப்படிப் பொய்யாகிறது என்று எனக்குப் புரியவில்லை. கோபம் அன்றைக்குத்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன். ஆனாலும் எழுதியதை மாற்றாமல் கொடுத்தேன்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், உடுப்புத் தோய்க்கும் அறைக்கு மேலேயிருந்த பொதுமண்டபத்தில் நடந்தது. நகரசபையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். என் வயதிருக்கும். கையால் பின்னிய ஜம்பர், கழுத்தில் நூலில் தொங்கிய கண்ணாடி. அவரைக் கெட்டவர் என்று எழுதினால் எனக்கு வசதி. ஆனால் அவர் கெட்டவர் இல்லை. தானே சுட்ட கேக்கோடு வந்தார். எல்லோருடைய பெயரையும் சரியாக உச்சரிக்கப் பாடுபட்டார். ஒரு பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பொருளாக மேசையில் எடுத்துவைத்து விளக்கினார். நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். தண்ணீர் ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு. கம்பளி ஒரு ஆளுக்கு இரண்டு. எல்லாம் ஆள்கணக்கு. ஆண்கள் கைகட்டிக்கொண்டு கேட்டார்கள்.

முன்வரிசையில் மன்னார் அண்ணை இருந்தார். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். பேசாலைப் பக்கம், கத்தோலிக்கர், நாற்பதைத் தாண்டியவர். ஊரில் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தவர். இங்கே கோழி வெட்டும் பக்டரியில் வேலைக்கு நின்றார். குடும்பம் சீக்கிரம் வந்துவிடும் என்று நகரசபையே அவருக்கு இரண்டு படுக்கையறை வீடு கொடுத்திருந்தது. அதில் தனியாக இருந்தார். சொன்னதையெல்லாம் அவர் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். கூட்ட முடிவில் படிவத்தைக் கொடுத்தபோது முதலில் நிரப்பிக் கொடுத்ததும் அவர்தான்.

நகரசபைப் பெண் அதைப் பார்த்தார். வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு நான்கு என்று எழுதியிருந்தது. தன்னுடைய பட்டியலைப் பார்த்தார். அதில் ஒன்று. சிரித்துக்கொண்டே, அவருடன் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்கும்படி என்னிடம் சொன்னார்.

நான் கேட்டேன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றார். மூத்தவளுக்குப் பதின்மூன்று, இளையவனுக்கு எட்டு. ஊரில் இருக்கிறார்கள், வருவார்கள்.

அதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் இளகியது. இந்தக் குளிர்காலத்தில் வீட்டில் இருக்கப்போகிறவர்களை மட்டும் எழுதினால் போதும் என்று மிகவும் பக்குவமாகச் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன். மன்னார் அண்ணை கொப்பியை மூடினார்.

“தங்கச்சி, இந்த வின்ரருக்குள்ள அவை வரமாட்டினம் எண்டு அவவுக்குத் தெரியுமோ எண்டு கேளுங்கோ. தெரிஞ்சால் இப்பவே சொல்லட்டும். நான் ஒண்டு எண்டு எழுதுறன்.”

குரலில் கோபமில்லை. நான் ஒரு சொல்லும் குறையாமல் டெனிஷில் சொன்னேன். அந்தப் பெண்ணின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. அது அமைச்சின் விசயம், நகரசபையின் விசயம் இல்லை, தனக்குத் தெரியாது என்றார்.

“தெரியாட்டி நாலு எண்டே இருக்கட்டும்,” என்றார் மன்னார் அண்ணை.

மன்னார் அண்ணை போனபின், படிவம் கொடுத்திருந்த மற்றவர்களும் அதைத் திருப்பி வாங்கினார்கள். ஒன்று என்று எழுதியதெல்லாம் மூன்றானது, ஐந்தானது. ஒருவர், கல்யாணமே பேச்சளவில் நின்றவர், இரண்டு என்று போட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

திங்கட்கிழமை அந்தப் பெண் எனக்கு ரெலிபோன் எடுத்தார். வார இறுதி முழுக்க யோசித்தாராம். பட்டியலில் நான்கு என்று இருந்தால், மீட்புக்குழு நான்கு பேரைத் தேடும். ஒருவர்தான் அகப்பட்டால் மற்ற மூவரும் பனியில் மாட்டிக்கொண்டார்கள் என்று வெளியே இறங்குவார்கள். அப்படி இறங்குகிறவருக்கு ஏதும் ஆனால் யார் பொறுப்பு? எங்கள் ஆட்களை அறிந்த நீங்களே வந்து திருத்தித்தாருங்கள் என்றார். அவர் சொன்னது நியாயம். அன்று பின்னேரம் நகரசபை அலுவலகத்துக்குப் போய், ஒவ்வொரு படிவமாக எடுத்து, எண்களை வெட்டி ஒன்று என்று எழுதினேன். பக்கத்தில் என் கையெழுத்தை வைத்தேன். மன்னார் அண்ணையுடையதை ஆகக் கடைசியாக எடுத்தேன். நேர்த்தியான கையெழுத்து. ஒரு கோடுதான் போட்டேன். அவருடைய மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் வெட்டிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, என் மகளுக்குச் சோறு தீத்தினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை.

மன்னார் அண்ணை நான்கு பேருக்கு ஆயத்தம் செய்தார். ஒருமுறை ஒரு கடிதத்தை வாசித்துச் சொல்வதற்காக அவருடைய வீட்டுக்குப் போனேன். வெறுமையாக இருந்த படுக்கையறைச் சுவரோடு தண்ணீர்க்கான்கள் வரிசையாக நின்றன. அலுமாரியில் எட்டுக் கம்பளி. மெழுகுதிரிகள் பெட்டியோடு. கதவடியில், கைநூலில் எழுதியிருந்தபடியே, இரண்டு பிள்ளைகளின் குளிருடுப்பு கொழுவியில் தொங்கியது. பழைய உடுப்புக் கடையில் எடுத்ததாம். பிள்ளைகளின் அளவு தெரியாததால் பக்டரியில் ஒரு டெனிஷ்காரியிடம், பதின்மூன்று வயதுக்கு எது சரி, எட்டு வயதுக்கு எது சரி என்று கேட்டு வாங்கியிருந்தார்.

அந்தக் குளிர்காலம் பனி வரவில்லை. மழைதான் பெய்தது. டிசம்பரில் நத்தாருக்குப் புல் பச்சையாக இருந்தது. விசாவும் வரவில்லை. அடுத்த ஒக்டோபரில் மன்னார் அண்ணையின் கதவடியில் பெரிய அளவு உடுப்புகள் தொங்கின.

அதே ஒக்டோபரில் நகரசபைப் பெண் புதிய படிவங்களோடு வந்தார். மறுபடி எல்லோரும் தங்கள் குடும்பத்தை முழுதாக எழுதிக் கொடுத்தார்கள். மறுபடி அவர் எனக்கு ரெலிபோன் எடுத்தார். இந்த முறை நான் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். நான் கத்தினேன். முதியோர் இல்லத்தின் ரெலிபோனில், ஆட்கள் கோப்பி குடித்துக்கொண்டிருக்கையில், வேலையிடத்தில் ஒருநாளும் எழும்பாத குரலில் கத்தினேன். வராத பனிக்குப் பதினாறு பக்கக் கைநூலில் பதில் வைத்திருக்கிறீர்கள், இந்த மனிதர்கள் ஒன்றரை வருடமாகக் கேட்கும் ஒரு கேள்விக்கு ஒரு வரி எழுத உங்கள் நாட்டில் ஆள் இல்லையா என்றேன். டெனிஷ் இலக்கணமெல்லாம் பிழைத்தது. வெட்டுவதென்றால் நீங்களே வெட்டுங்கள் என்று சொல்லி ரெலிபோனை வைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். கேக் இல்லை. ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். தன் பெயரில், நகரசபையின் தாளில், எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். வந்த பதில் இரண்டு வரி. வழக்கமான முறைப்படி பரிசீலனையில் உள்ளன. அதோடு, இது உங்கள் பொறுப்புக்கு உட்பட்டதல்ல என்று அவருடைய மேலதிகாரி கூப்பிட்டுச் சொன்னாராம்.

அவர் என் குசினியில் இருந்து அழுதார். நான் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கொடுத்தேனே தவிர, என் மனம் இரங்கவில்லை. அவருக்கு ஒரு கடிதத்தில் கிடைத்ததை எங்கள் ஆட்கள் மாதாமாதம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாருடைய குசினியில் இருந்து அழுவது?

அந்தக் குளிர்காலமும் பனியில்லாமல் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து மன்னார் அண்ணை நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கோட்டுப் போட்டிருந்தார், பொத்தான் ஒன்றும் பூட்டவில்லை. கதிரையில் இருந்தார். கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போயிருந்தார். ஊரிலிருந்து கடிதம் வந்ததாகச் சொன்னார். அது வந்துசேர ஆறு கிழமை எடுத்திருந்தது.

“மூத்தவள் போயிட்டாள், தங்கச்சி.”

எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் ஒரு பிள்ளை போய்விட்டது என்றால் எல்லோருக்கும் விளங்கும். இயக்கத்துக்குப் போய்விட்டாள். இந்திய இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்துத் தேடிவிட்டுப் போன மறுகிழமை, வகுப்பில் இருந்த மூன்று பிள்ளைகளோடு சைக்கிளில் போனாளாம். பதினைந்து வயது. தாய்க்கு ஒரு துண்டு எழுதி வைத்திருக்கிறாள். அப்பா கூப்பிடுவார், கூப்பிடுவார் என்று எத்தனை நாளைக்கு, அம்மா, இருக்கிறது என்று எழுதியிருந்தாளாம். அதை அவர் இரண்டு தடவை சொன்னார்.

என்னால் இனித் தாங்க முடியவில்லை. அண்ணை, உங்கள் படிவத்தில் நாலை வெட்டி ஒண்டு எண்டு எழுதினது நான்தான் என்று சொன்னேன். முதல் வருடமே செய்துவிட்டேன் என்றேன்.

அவர் தலையாட்டினார். “ஓம், தெரியும். அட்டையிலை உங்கடை கையெழுத்துக் கிடந்தது.”

நகரசபை ஒவ்வொரு வீட்டுக்கும் படிவத்தின் பிரதியை ஒரு அட்டையில் ஒட்டி அனுப்பியிருந்தது. நான் வெட்டியது, கையெழுத்து வைத்தது எல்லாம் அதில் அப்படியே இருந்திருக்கிறது. ஒன்றேகால் வருடமாக அவர் அதைக் குசினி அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்துக்கொண்டு, என்னைக் காணும்போதெல்லாம் சிரித்து, சுகம் கேட்டிருக்கிறார். ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று கேட்டேன். நீங்கள் என்ன செய்வீங்கள் என்றார். அதற்குமேல் அதைப் பற்றி எப்போதும் கதைக்கவில்லை.

அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவர் திட்டாததில் எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபத்தை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அந்த இளவேனிலில் விசயம் வெளியே வந்தது. மக்களின் முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரி ஒருவர் கண்டித்திருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. விண்ணப்பங்கள் பரிசீலனையில் இருக்கவில்லை. ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. சட்டம் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்க, வேண்டாம் என்று ஒரு மந்திரி நினைத்திருக்கிறார். நாங்கள் ரெலிபோனில் கேட்டபோதெல்லாம் மறுமுனையில் இருந்தவர்களில் சிலருக்காவது அது தெரிந்திருக்கும். அந்தப் பத்திரிகையை மன்னார் அண்ணைக்கு வாசித்து விளங்கப்படுத்தியதும் நான்தான். என் வாயால் எத்தனை பொய்யை அவருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன் என்று அன்று உறைத்தது. இடையில் நிறுத்தினேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

அதன்பின் கோப்புகள் நகர்ந்தன. மன்னார் அண்ணையின் மனைவியும் மகனும் வந்தார்கள். விமானநிலையத்துக்கு நானும் போனேன். அந்த அக்கா கண்ணாடிக் கதவால் வெளியே வந்ததும் கணவனைப் பார்க்கவில்லை. திரும்பி, தனக்குப் பின்னால் கதவு மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ இன்னும் வரவேண்டியது போல.

பனி வந்தது அதற்கும் பிறகு, ஒரு பெப்ரவரியில். செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொடங்கி புதன் விடிய வாசல்கள் மூடுண்டன. இந்த முறை எல்லாம் எழுதியபடி நடந்தது. கார்களின் கூரையில் ஒலிபெருக்கி வைத்து அறிவித்தார்கள். தமிழிலும் ஒலிப்பதிவு போட்டார்கள், அது என் குரல். புதன் காலை பனியள்ளும் சவள்களோடும் சறுக்குப்பலகைகளோடும் இளைஞர்கள் குழுக்களாக வந்தார்கள். சூப், பால், மருந்து. கையில் பட்டியல். எங்கள் கட்டடங்களுக்கு மொழி தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு படிக்கட்டுப் படிக்கட்டாக ஏறினார்கள். இடுப்பளவு பனியில் ஒரு மூட்டையோடு புல்வெளியைக் கடப்பது எவ்வளவு பாடு என்று அன்றைக்குத்தான் கண்டேன். ஒரு வீட்டையும் அவர்கள் விடவில்லை. பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் கடைசிக் கதவையும் தட்டிவிட்டார்கள்.

எல்லோரும் அவர்களைப் பாராட்டினார்கள். எனக்கு நெஞ்சு எரிந்தது. முடியாமல் போன ஒன்றாக இருந்திருந்தால் மன்னித்திருக்கலாம். இந்த நாட்டுக்கு முடியும். வேண்டுமென்று நினைத்தால் ஒரு பகலுக்குள் ஒவ்வொரு கதவையும் தட்டி, உள்ளே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்க முடியும். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

மன்னார் அண்ணையின் கதவை அந்த அக்காதான் திறந்தார். அண்ணை பக்டரியில் அகப்பட்டுக்கொண்டார், அங்கே பத்திரமாக இருக்கிறார் என்று செய்தி வந்திருந்தது. மகன் உள்ளே ரி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். பொன்னிறத் தாடி முளைக்கத் தொடங்கிய ஓர் இளைஞன் பட்டியலைப் பார்த்து, மூன்று பேர்தானே, எல்லோரும் இருக்கிறார்களா என்று கேட்கச் சொன்னான். நான் கேட்டேன்.

“இல்லை எண்டு சொல்லுங்கோ,” என்றார் அக்கா. “எல்லாரும் இல்லை. என்ரை மகளைக் காணேல்லை.”

நான் யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. நாலு வருடமாக அதிகாரிகளுடைய வசனங்களை எங்களுக்குச் சொல்லிய வாய் அது. இதையும் அப்படியே டெனிஷில் சொன்னேன். அவருடைய மகளைக் காணவில்லை.

அந்த இளைஞனின் முகம் மாறியது. மூட்டையைக் கீழே போட்டான். எப்போதிருந்து, என்ன வயது, என்ன நிற உடுப்பு, கடைசியாக எங்கே கண்டது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே கையிலிருந்த வோக்கிடோக்கியை வாயருகே கொண்டுபோனான். கீழே நின்ற இரண்டு பேரைக் கூப்பிட்டான். அவர்கள் படியில் ஓடிவரும் சத்தம் கேட்டது. ஒரு பிள்ளைக்காக அந்த ஊரையே புரட்டிப்போட அவன் ஆயத்தமாக இருந்தான். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் அவன் கையைப் பிடித்தேன். இங்கே இல்லை என்றேன். அவள் இந்த நாட்டுக்கு வரவேயில்லை. உங்கள் ஆட்கள் கோப்புகளை மூடிவைத்திருந்த காலத்தில் அங்கே போராடப் போய்விட்டாள். இப்போது பதினேழு வயது. எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

அவன் வோக்கிடோக்கியை மெல்ல இறக்கினான். மேலே ஓடிவந்த இருவரும் மூச்சிரைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவன், இதை நான் எங்கே எழுதுவது என்று கேட்டான். கேலியாக இல்லை. உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. பட்டியலில் அதற்கு ஒரு கட்டம் இருக்கவில்லை.

அக்கா அவர்கள் மூவருக்கும் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார். அவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றபடியே குடித்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு ஜனவரியில், விண்ணப்பங்களை ஒதுக்கிவைத்தது பற்றிய நீண்ட விசாரணையின் அறிக்கை வெளிவந்து அரசாங்கம் பதவி விலகியது. நான் வேலையில் இருந்தேன். முதியவர்கள் ரி.வி.க்கு முன்னால் கூடியிருந்தார்கள். தமிழர் வழக்கு, தமிழர் வழக்கு என்று செய்தி வாசிப்பவர் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் என்ன வழக்குப் போட்டோம், எங்கள் பேரை ஏன் இதற்கு வைத்தார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. கூட வேலைசெய்த பெண் வந்து என் தோளைக் கட்டிப்பிடித்து, கடைசியில் எல்லாம் சரியாகிவிட்டது பார்த்தாயா என்றாள். நான் அவள் கையை எடுத்துவிட்டு, ஒன்றும் சரியாகவில்லை என்று சொல்லி, கட்டில்விரிப்புகளை மாற்றப் போனேன். அவள் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

அன்று பின்னேரம் நகரசபைப் பெண் ரெலிபோன் எடுத்து மன்னிப்புக் கேட்டார். கேட்கவேண்டியவர் அவரில்லை. கேட்கவேண்டியவர்களிடமிருந்து எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் ஒரு கடிதம் வரவில்லை. அதை அவரிடமும் சொன்னேன். அவர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மன்னார் அண்ணையின் குடும்பம் கோல்டிங்குக்கு மாறிப்போனது. மகளைப் பற்றி அவர்களுக்குப் பிறகு ஒரு செய்தி கிடைத்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். அதை எழுதலாமா என்று அவர்களிடம் நான் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு நூலகத்தில் கதைக்கக் கூப்பிட்டார்கள். தவறு செய்த அரசாங்கத்தை இந்த நாட்டின் சனநாயகம் எப்படித் தானே திருத்திக்கொண்டது என்பது தலைப்பு. எனக்குப் பத்து நிமிடம் தந்திருந்தார்கள். தலைமை தாங்கியவர் நல்ல மனிதர். அறிமுகத்திலேயே, நம்முடைய அமைப்பு கடைசியில் வேலை செய்தது என்றார். நான் எழும்பி, எழுதிக்கொண்டு போன தாளை மடித்து வைத்துவிட்டு, இங்கே எழுதியதையெல்லாம் சொன்னேன். படிவத்தை வெட்டியது என் கை என்பதையும் சொன்னேன். பத்தாவது நிமிடத்தில் அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இருபதாவது நிமிடத்தில் ஒரு துண்டு எழுதி என் முன்னால் தள்ளினார். அதை வாசிக்காமல் ஒருபக்கம் வைத்துவிட்டு, அந்தப் பிள்ளை எப்படி இருந்தாள், என்ன படித்தாள், எந்தச் சைக்கிளில் போனாள் என்று தாய் எனக்குச் சொன்ன அளவுக்கு அவர்களுக்குச் சொல்லி முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.